முதுகையும் பார்க்கிற டொக்டர்

“கண்ணை மூடுங்கோ. நான் தொடேக்கை ‘ஓம்’ எண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் சொல்லவேண்டாம்.”

டொக்டர் எனக்குப் பின்னால் நின்று சொன்னார். நான் அவருக்கு முதுகைக் காட்டியபடி மர வாங்கில் இருந்தேன். சட்டையைத் தோள்களிலிருந்து இறக்கிவிட்டு, சேலைத் தலைப்பை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தேன். எதிரே மருத்துவிச்சி பிலோமினா அக்கா என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். மகளுக்கு அப்போது ஏழு மாதம். அக்காவின் கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணை மூடினேன்.

வலது தோளில் பஞ்சு பட்டது. எறும்பு ஊர்வது போல இருந்தது. “ஓம்” என்றேன். கழுத்தடியில் பட்டது. “ஓம்.” இடுப்புக்குச் சற்று மேலே. “ஓம்.” கூச்சத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு ஒன்றும் படவில்லை. வெளியே தராசுக் கொக்கி ஆடும் சத்தம் கேட்டது. யாருடைய குழந்தையோ வீறிட்டது. டொக்டர் மருந்துப் பெட்டியில் எதையோ தேடுகிறார் போலும் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“முடிஞ்சுதோ டொக்டர்?” என்று கேட்டுக் கண்ணைத் திறந்தேன்.

பிலோமினா அக்காவின் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஓரிடத்திலை ஆறு தரம் தொட்டனான்,” என்றார் டொக்டர். “நீங்கள் ஒருக்காவும் சொல்லேல்லை.”

பால்மாவுக்குப் போனவர்கள்

இதை இந்தத் தொடரில் எழுதுவதா விடுவதா என்று பல வாரங்கள் தள்ளிப்போட்டேன். அந்த ஏழு மாதக் குழந்தைக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவளிடம்தான் கேட்டேன். “எழுதுங்கோ அம்மா, இனி ஆருக்கு ஒளிக்கிறது?” என்றாள்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டம் ஒன்றில் எங்களுக்குக் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து நானும் கணவரும் வந்து மூன்று போகம் ஆகியிருந்தது. எங்கள் வரிசையில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. வாய்க்கால் ஓரமாக நடந்து வந்தால் எது நம் வீடு என்று வாசலில் நிற்கும் மாட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கிளிநொச்சிச் சந்திக்குப் போகப் பஸ் பிடிக்க ஒரு மணி நேர நடை.

மாதத்துக்கு ஒரு நாள் பொதுமண்டபத்தில் கிளினிக் நடக்கும். உண்மையைச் சொன்னால், நாங்கள் அங்கே போனது பால்மாவுக்காக. குழந்தை உள்ள தாய்மாருக்கு அதைச் சும்மா கொடுத்தார்கள். உள்ளங்கையில் கொட்டி நக்கினால் மேலண்ணத்தில் பசை போல ஒட்டிக்கொள்ளும். அதன் வாசம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

பிலோமினா அக்கா கெட்டிக்காரி. பால்மா மேசையைக் கடைசியில் போட்டிருந்தார். அதற்கு முன்னால் மற்ற மேசைகள் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். முதலில் குழந்தையை நிறுப்பார்கள். அடுத்து டொக்டர் தாயின் கீழிமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், நகத்தைப் பார்ப்பார். அது முடிந்தால் கயிற்றில் சேலை தொங்கவிட்ட மறைப்பு. அங்கே பிலோமினா அக்கா முதுகு, கை, கால், பாதம் எல்லாம் பார்ப்பார். ஏதாவது இருந்தால் மட்டும் டொக்டரைக் கூப்பிடுவார்.

பெண்கள் முணுமுணுப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சின்னமணி அக்கா ஒருநாள் வரிசையில் நின்றே உரத்துச் சொன்னார்: “இருமலுக்கு மருந்து கேட்டு வந்தனான். இந்த மனிசன் பாதத்தைக் காட்டெண்டுறான்!”

டொக்டர் காதில் விழுந்துவிட்டது. “இருமல் உங்களுக்குத் தெரியும்,” என்றார். “உங்களுக்குத் தெரியாததை நான் பாக்கவேணும்.” அவ்வளவுதான். அவர் அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை. குழந்தையைத் தொடுமுன் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுச் சூடாக்கிக்கொள்வார். அதற்காகவே எங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

பிலோமினா அக்கா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். கணவர் கடலுக்குப் போகிறவர். அக்கா சேலையைக் கணுக்காலுக்கு மேலே செருகிக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாக வருவார். ஊருக்குப் போய் வந்த வாரத்தில் அவர் பையில் கருவாட்டுப் பொட்டலங்கள் இருக்கும், வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்குக் கொடுக்க. வெள்ளிக்கிழமையில் எங்கள் வீடுகளில் மீன் மச்சம் புழங்காது என்று தெரிந்து, அன்றைக்குப் பொட்டலங்களை மதகுக்குக் கீழே ஒளித்துவைத்துவிட்டு வருவார். ஒருமுறை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதை அவர் சொல்லும்போது கேட்கவேண்டும்.

சரி, மறைப்புக்குள் இருந்த என்னிடம் திரும்பி வருகிறேன்.

பூவரசம் இலை அளவு

“எவ்வளவு காலமா இருக்கு?” என்று கேட்டார் டொக்டர்.

“எது டொக்டர்?”

இடது தோள்பட்டைக்குக் கீழே இருந்த அதை நான் பார்த்ததே இல்லை. யாருக்குத்தான் தன் முதுகு தெரியும்? அவர் ஒரு கடதாசியில் அளவாகக் கீறிக் காட்டினார். ஒரு பூவரசம் இலை அளவு இருந்தது. வெளிறிய தேமல் போல இருக்கிறது என்றார். ஆனால் தேமலில் தொட்டால் தெரியும். இதில் தெரியாது.

“இதுக்குக் குட்டம் எண்டு பேர்,” என்றார். “பேரைக் கேட்டுப் பயப்பிடுவியள். ஆனால் இது ஆரம்பம். குளிசை இருக்கு. மாறும்.”

இப்போது தொழுநோய் என்று எழுதுகிறார்கள். அன்றைக்கு அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த நோய் வந்தவர்களைத் தீவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். எந்தத் தீவு என்று தெரியாது.

மகள் என்னைப் பார்த்துக் கைநீட்டினாள். நானும் நீட்டினேன். பாதியில் கையை இழுத்துக்கொண்டேன்.

பிலோமினா அக்கா அதைக் கண்டார். குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். “பிடி பிள்ளை. அவள் பாலுக்கு அழுகிறாள்.”

“குடுக்கலாமோ?” என்று டொக்டரைக் கேட்டேன்.

“குடுக்கவேணும்” என்றார்.

காதுச் சோணையில் சின்னக் கீறல் போட்டு, வந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவினார். தேமல் இருந்த இடத்திலும் ஒரு கீறல். அது வலிக்கவில்லை. காது வலித்தது. காது வலித்தது எனக்குச் சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

“வீட்டிலை, சொந்தத்துக்குள்ளை ஆருக்கும் இந்த வருத்தம் இருக்கோ?”

“இல்லை டொக்டர்.” நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

“அடுத்த கிளினிக்குக்கு உங்கடை அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவரையும் பாக்கவேணும்.”

வெளியே வந்ததும் சின்னமணி அக்கா என் காதைப் பார்த்து, “என்ன இரத்தம்?” என்றார். “மலேரியாவுக்கு எடுத்தவை” என்றேன். அந்தக் காலத்தில் காய்ச்சல் என்று யார் போனாலும் விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். வீடு வீடாக வந்து சுவரில் மருந்தடித்துக் கதவில் சோக்கட்டியால் குறித்துவிட்டுப் போவார்கள். ஆகவே அவர் அதை நம்பிவிட்டார். “இப்ப காதிலையும் எடுக்கத் தொடங்கிட்டினமோ!” என்று மட்டும் சொன்னார்.

பால்மாவை வாங்க மறந்துவிட்டேன். பிலோமினா அக்கா ஓடிவந்து பையைக் கையில் திணித்தார்.

அவர் கேட்காத கேள்வி

என் கணவர் பெயர் நவரத்தினம். பேச்சில் நிதானம், வேலையில் வேகம். நான் வீட்டுக்குப் போனபோது அவர் வயலிலிருந்து வந்து வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்து தண்ணீர் மினுங்கியது.

“இஞ்சாருங்கோ, டொக்டர் என்ரை முதுகிலை ஒண்டு கண்டுபிடிச்சிருக்கிறார். குளிசை குடிக்க வேணுமாம். உங்களையும் வரட்டாம்.”

அவர் மண்வெட்டியைக் கழுவுவதை நிறுத்தவில்லை. சுத்தமாக இருந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

என்ன வருத்தம் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. முதுகில் எந்த இடம் என்றும் கேட்கவில்லை.

“நீங்கள் கண்டிருந்தனீங்களோ?”

“ஓம்.”

“எப்ப?”

“பிள்ளை வயித்திலை இருக்கேக்கை.”

அவர் கரையில் குந்தினார். என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுப் பாயில் குப்புறச் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். அதற்குச் சில நாட்கள் முன்பே அவர் அந்தத் தேமலைக் கவனித்திருக்கிறார். வேலியில் நின்ற தேசி மரத்தில் ஒரு முள்ளை ஒடித்துவந்து அந்த இடத்தில் குத்திப் பார்த்திருக்கிறார்.

“நீர் எழும்பேல்லை, மகேசு” என்றார்.

“முள்ளாலை குத்திப் பாக்கிறதை உங்களுக்கு ஆர் காட்டித் தந்தது?”

“குஞ்சியம்மாவுக்கு வைத்தியம் செய்த பரியாரி அப்பிடித்தான் பாத்தவர்.”

குஞ்சியம்மா என்றால் அவருடைய தாயின் தங்கை. எங்கள் கலியாணப் பேச்சில், அப்படி ஒருவர் இருந்து காய்ச்சலில் செத்துப்போனார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் சாகவில்லை. யாழ்ப்பாணத்தில் மாமியின் வீட்டுப் பின்வளவில் ஒரு கொட்டில் இருந்தது. விதைநெல் கிடக்கிறது, பூட்டியிருக்கிறது என்று சொல்வார்கள். கலியாணமாகி ஆறு மாதம் நான் அந்த வீட்டில் இருந்தேன். அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்துக் கொடியில்தான் துணி காயப்போட்டேன். குஞ்சியம்மா அதற்குள்தான் இருந்தார்.

“பரியாரி பாத்த பிறகு ஊருக்குத் தெரிஞ்சால் தீவுக்குக் கொண்டுபோடுவாங்கள் எண்டு அம்மா பயந்திட்டா. அதாலை உள்ளை விட்டா. நான் அப்ப சின்னப் பொடியன்.” மண்வெட்டியைக் கரையில் வைத்துவிட்டு, “உம்மையும் கொண்டுபோடுவாங்கள் எண்டுதான் நானும் சொல்லேல்லை” என்றார்.

மூன்று நாட்கள்

மூன்று நாட்கள் நான் அவரோடு கதைக்கவில்லை. சமைத்தேன், தட்டில் போட்டு மூடிவைத்தேன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டேன்.

நோய் வந்ததில் எனக்குக் கோபம் இல்லை. நான் தூங்கும்போது என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு, மாதக்கணக்காக என்னோடு ஒன்றாக உண்டு உறங்கி, பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்து, எல்லாம் செய்துவிட்டு, அதை மட்டும் சொல்லாமல் இருந்தாரே, அதுதான் ஆறவில்லை. எனக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைத்திருந்தார் என்பது இன்னும் கூடுதலாகச் சுட்டது.

மூன்றாம் நாள் றங்குப்பெட்டியை எடுத்து என் சேலைகளை அடுக்கினேன். அம்மா வீட்டுக்குப் போவது என்று முடிவு. அப்போதுதான் சைக்கிள் மணி கேட்டது.

பிலோமினா அக்கா பெட்டியைப் பார்த்தார். குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே, “எங்கை பயணம்?” என்றார்.

எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டிலில் இருக்கும் குஞ்சியம்மாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது என் வாயால் வரவேண்டிய கதை அல்ல என்று பட்டது.

அக்கா கடைசிவரை கேட்டார். “போறதெண்டால் போ. நான் மறிக்கேல்லை. ஆனால் குளிசை இஞ்சை தான் கிடக்கு. கிளினிக் நடக்கிற அண்டைக்கு வந்திடு. புருசனோடை கோபமெண்டால் கோபத்தோடை வா.”

“இனி வீட்டுக்கு வந்து எங்கள் எல்லாரையும் பாப்பியளோ? அயலட்டைக்குத் தெரிஞ்சிடுமே அக்கா.”

“நீயென்ன விசரியே?” என்று சிரித்தார். “நான் இந்த வரிசை முழுக்க வீடு வீடாப் போய் எல்லாற்றை முதுகையும் பாக்கப் போறன். சின்னமணியின்ரை முதுகைத்தான் முதல் பாக்கிறது. உன்ரை வீடு நடுவிலை எங்கையோ வரும்.”

அப்படியே செய்தார். அந்த வாரம் எங்கள் வாய்க்கால் கரையில் முதுகைக் காட்டாத மனிதர் இல்லை. ஆண்கள் கூச்சப்பட்டு வயலுக்கு ஓடினார்கள். அக்கா வரம்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, “வெறும் மேலோடைதானே நிக்கிறியள், திரும்புங்கோ!” என்றார். சின்னமணி அக்காவின் கணவருக்கு முதுகில் ஒன்றும் இல்லை. ஆனால் குதிக்காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அது சர்க்கரை வியாதி என்று பிறகு தெரிந்தது. அதுவரை அந்த மனிதர் தனக்கு ஒரு நோயும் இல்லை என்று அடித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

நான் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். முதலில் குளிசை, பிறகு கோபம் என்று வைத்துக்கொண்டேன்.

கழற்றச் சொல்லாத சட்டை

அடுத்த கிளினிக்குக்கு என் கணவர் வந்தார். மண்டபம் முழுக்கப் பெண்களும் குழந்தைகளும். நடுவில் டொக்டரைத் தவிர இவர் ஒருவர்தான் ஆண். சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மறைப்புக்குள் நின்றார். டொக்டர் அவர் காதுகளைப் பார்த்தார். முழங்கையை மடக்கி நரம்பைத் தடவினார். பாதங்களைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மகளுக்கும் இல்லை.

என் கண்ணாடித் துண்டுகளின் பதிலும் வந்திருந்தது. “கிருமி தெரியேல்லை. உங்களிட்டை இருந்து ஆருக்கும் தொத்தாது,” என்றார் டொக்டர். அந்த ஒரு மாதம் நான் தேக்கிவைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

“ஆனால் எங்கையோ இருந்து வந்திருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. சொந்தத்துக்குள்ளை ஆரும்...?”

நான் கணவரைப் பார்த்தேன். சுருட்டிய சட்டையை அவர் பிழிந்துவிடுவார் போல முறுக்கிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். குஞ்சியம்மா, கொட்டில், பரியாரி, முள், எல்லாம்.

டொக்டர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு கதிரையை இழுத்து என் கணவரை இருக்கச் சொன்னார். பிறகு, நாங்கள் கேட்காமலே, தன் கதையைச் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் கதைத்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

“நான் வேலைக்கு வந்த புதிசிலை புளியங்குளத்துப் பக்கமிருந்து ஒருத்தன் காய்ச்சலுக்கு என்னட்டை வந்தவன். மூண்டு தரம் வந்தவன். மூண்டு தரமும் நாக்கைப் பாத்தன், நாடியைப் பாத்தன், மருந்து குடுத்தன். சட்டையைக் கழட்டு எண்டு சொல்லேல்லை. நாலாந்தரம் வந்தபோது அவனாலை பேனை பிடிக்க ஏலாது. விரல் மடங்கிப்போச்சு.” தன் விரல்களை மடக்கிக் காட்டினார். “அவன் ஒளிக்கேல்லை. நான்தான் பாக்கேல்லை. அண்டையிலை இருந்து இருமலுக்கு வந்தாலும் முதுகைப் பாக்கிறன். நீங்கள் ஒளிச்சனீங்கள். சரி, இப்ப சொல்லிட்டியள். அவாவை ஒருக்காக் கொண்டு வாங்கோ.”

“தீவுக்குக் கொண்டு போவினமோ?” என்று கேட்டார் என் கணவர்.

“எனக்குத் தெரியாது. பாத்தால் தான் சொல்லலாம். இப்ப எல்லாரையும் அப்பிடிக் கொண்டுபோறதில்லை. குளிசையோடை வீட்டிலை இருக்கிறவை கனபேர். ஆனால் நான் இப்பவே வாக்குத் தரமாட்டன்.”

வாக்குத் தராததால்தான் அவரை நம்பினோம் என்று நினைக்கிறேன்.

கொட்டில் கதவு

குழந்தையைச் சின்னமணி அக்காவிடம் விட்டுவிட்டு இருவரும் யாழ்ப்பாணம் போனோம்.

மாமி வாசலிலேயே விளங்கிக்கொண்டார். அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. “ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாமல் இத்தனை வருசமா வைச்சுப் பாக்கிறன். ஒருநாள் அவள் பட்டினி கிடந்ததில்லை. புண்ணைக் கழுவுறது ஆர் எண்டு கேள். நீ என்னெண்டால் பட்டப்பகலிலை பஸ்ஸிலை ஏத்தப் போறியோ?”

அவர் சொன்னது பொய்யில்லை. மாமியின் கைகளைப் பார்த்தேன். தங்கைக்காகச் சுடுதண்ணீரில் துணி அவித்து அவித்துத் தடித்துப்போன கைகள்.

“அம்மா, மகேசுவுக்கும் வந்திட்டுது” என்றார் என் கணவர்.

மாமி என்னைப் பார்த்தார், பிறகு பின்வளவுப் பக்கம் பார்த்தார்.

அப்போது பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “நான் வாறன்.”

கொட்டில் கதவு பூட்டியிருக்கவில்லை. உண்மையில் அது என்றைக்குமே உள்ளிருந்துதான் சாத்தியிருந்ததாம், அதை அப்போதுதான் அறிந்தேன். குஞ்சியம்மா வாசலில் நின்றார். மெலிந்த உடம்பு. தோய்த்து மடித்த வெள்ளைச் சேலை. ஒரு பாதத்தில் துணி சுற்றியிருந்தது. கைகளைத் தலைப்புக்குள் மறைத்திருந்தார். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீதானே மகேசு? நீ துணி காயப்போடேக்கை பாடுவாய். நான் கேட்டுக்கொண்டிருப்பன்.”

நான் படியடிக்குப் போனேன்.

“என்னாலைதான் உனக்கு” என்றார்.

“டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை குஞ்சியம்மா. உங்களைப் பாக்கவேணும் எண்டு மட்டும்தான் சொன்னவர்.”

குஞ்சியம்மாமேல் எனக்குக் கோபம் வரும் என்று எண்ணித்தான் பஸ் ஏறியிருந்தேன். வரவில்லை. கைகொடுத்துப் படியிலிருந்து இறக்கினேன். அவர் முதலில் கையை வெளியே எடுக்கத் தயங்கினார். பிறகு தந்தார். விரல்கள் பாதிதான் இருந்தன. உள்ளங்கை இளஞ்சூடாக இருந்தது.

பஸ்ஸில் யன்னலோரம் கேட்டார். ஆனையிறவு வந்ததும், இரண்டு பக்கமும் தண்ணீரும் உப்பு வயல்களும் வெயிலில் பளபளத்தன. உப்புக் காற்றில் தலைப்பு பறந்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை. பறக்கட்டும் என்று விட்டுவிட்டார். முன் இருக்கையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து பின்னால் போனார். குஞ்சியம்மா அதைக் கண்டாரோ தெரியாது. தண்ணீரில் நின்ற கொக்குகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

பெயர்

எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். நான் மூன்று வருடங்களுக்குச் சற்று மேல் குளிசை குடித்தேன். இரத்தம் குறைந்து வாய் வெளிறியது. அதற்கும் மருந்து தந்தார்கள். தேமல் மெல்ல மெல்ல மங்கி நிறம் திரும்பியது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பிள்ளைகள் பெற்றேன். என் கணவரும் நானும் நாற்பது வருடங்களுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தோம். அதன் பிறகு அவர் என்னிடம் எதையும் மறைத்ததாக நான் அறியேன். என் கோபம் எந்த நாளில் போனது என்று எனக்கே தெரியாது.

குஞ்சியம்மாவின் வருத்தம் ஏற்கெனவே முற்றியிருந்தது. கால் புண்ணுக்காகச் சில மாதங்கள் ஆசுபத்திரியில் இருந்தார். ஆனால் தீவுக்குக் கொண்டுபோகவில்லை. குளிசையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, வாய்க்கால் கரையில் கடைசிவரை இருந்தார். போன விரல்கள் போனவைதான். மாமியும் ஒவ்வொரு போகத்துக்கும் வந்து தங்கைக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார்.

குஞ்சியம்மாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய முதல் கிளினிக் நாள்தான் வருகிறது. பஸ்ஸில் கூட்டிவந்த மறுநாள். மண்டபத்தில் கூட்டம். வாங்கில் அவருக்கு இரு பக்கமும் நானும் கணவரும். பிலோமினா அக்கா கொப்பியை விரித்துப் பேனையை எடுத்தார்.

“பேர்?”

“குஞ்சியம்மா” என்றார் என் கணவர்.

“அது நீங்கள் கூப்பிடுறது. அவாவின்ரை பேர் என்ன?”

என் கணவர் தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். எனக்கெப்படித் தெரியும்? அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டு எத்தனையோ வருடங்களாகியிருந்தன.

“தில்லையம்பலம் கனகாம்பிகை” என்றார் குஞ்சியம்மா. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் தெளிவாக.

பிலோமினா அக்கா எழுதினார். குஞ்சியம்மா தலையைச் சரித்து, தலைகீழாகத் தெரிந்த அந்த எழுத்துகளை உற்றுப் பார்த்தார். பிறகு கையைத் தலைப்பிலிருந்து வெளியே எடுத்து, எல்லாரும் பார்க்க மேசைமேல் நீட்டி, அந்த இடத்தைக் காட்டினார்.

“தங்கச்சி, மூண்டு சுழி போட்டிட்டியள். ரெண்டு சுழி ‘ன’ தான் வரும்.”

அக்கா வெட்டித் திருத்தி எழுதினார்.